நெற்றியில் பொட்டு வைத்த மீன்

அத்தியாயம் ஏழு

மூன்றாவது முறையாகத் தோளால் இடித்தான் குன்ஜி. கதவு அசைந்துகொடுக்கவில்லை. தோள்தான் கொடுத்தது.

“முதலாளி, இந்தக் கதவுக்கு நம்ம மேல ரொம்பப் பிரியம். விட மாட்டேங்குது.”

துப்பறியும் மிசாவோ நிமிரவில்லை. குட்டையான உருவம், நரைத்த கிராப்பு, மூக்கின் நுனியில் கண்ணாடி. தட்டில் கிடந்த செத்த மீனைப் பேனாக்கத்தியால் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளுக்குப் பூகம்பமே வந்தாலும் கையில் உள்ள வேலை முடிந்த பிறகுதான் வர வேண்டும் என்பது குன்ஜியின் கருத்து.

அவனுக்கோ மூடிய இடம் என்றாலே ஆகாது. லிஃப்டில் ஏற மாட்டான். பயம் வந்தால் வாய் நிற்காது. இப்போது நிற்கிற மாதிரி இல்லை.

ஹட்சுயேயின் வீட்டுப் பின்கட்டில் இருந்த மீன் கொட்டகை அது. தகரச் சுவர், ஒரே கதவு, கூரை முகட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஜன்னல். நடுவில் சிமெண்டுக் குளம். அதில் சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக, அழகுக்கு வளர்க்கும் கோய் மீன்கள். வெளியே, கதவுப் பக்கம் தவிர, தகரச் சுவரை மூடிக் கூரை விளிம்புவரை பனி. ஜப்பானின் இந்த நீகாட்டா மலையில் ஜனவரி என்றால் அப்படித்தான்.

வழக்கு இதுதான். நகோயாவைச் சேர்ந்த இனாகாக்கி என்ற பணக்காரர், போன இலையுதிர் காலத்தில் ஹட்சுயேயிடம் ஒரு பெண் மீனை வாங்கினார். உடம்பு முழுக்கப் பால் வெள்ளை. நெற்றியில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிவப்பு வட்டம். வாங்கிய மீனை வளர்த்தவரிடமே விட்டு வைப்பது இந்தத் தொழிலில் சகஜம். வசந்தம் வரட்டும், இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று அவரும் விட்டு வைத்தார். புத்தாண்டு முடிந்ததும் ஹட்சுயே போன் செய்து, மீன் செத்துவிட்டது என்றாள். இனாகாக்கி நம்பவில்லை. மிசாவோவை அனுப்பினார்.

வந்து சேர்ந்தார்கள். வந்த கையோடு மலையடியில் பனிச்சரிவு. பாதை மூடியது, மின்கம்பம் சாய்ந்தது, கைப்பேசிக் கோபுரமும் செத்தது. இப்போது போதாக்குறைக்குக் கொட்டகைக் கதவு.

“கூரைப் பனி சரிஞ்சு கதவ அடைச்சிருக்கும்” என்றாள் ஹட்சுயே, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தபடி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். கணவன் இறந்த பிறகு தனியாளாக இந்தக் குளத்தை வைத்துப் பிழைப்பவள். “நாங்க பழகிட்டோம். யாராவது வந்து தள்ளி விடுவாங்க.”

தலைக்கு மேல் உத்தரம் முனகியது.

“அந்தச் சத்தம் என்ன?” என்றாள் மிசாவோ.

“கூரைல பனி ஏறிப்போச்சுங்க. பாரம் தாங்காம கத்துது.”

“அப்ப பனி இன்னும் மேலதான் இருக்கு. சரிஞ்சு விழல.” மிசாவோ கத்தியைத் துடைத்தாள். “குன்ஜி, கதவுக்கடியில பாரு. வெளிச்சம் வருதா?”

குன்ஜி குப்புறப் படுத்தான். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் அகல வெளிச்சம் பளிச்சென்று வந்தது.

“வருது முதலாளி. பனி மூடியிருந்தா இருட்டா இல்ல இருக்கணும்?” எழுந்து, கதவிடுக்கில் கண்ணை வைத்தான். கொண்டியில் ஒரு மரக்கட்டை குறுக்கே செருகியிருந்தது. பனி அள்ளும் மண்வாரியின் கைப்பிடி. “பனி வழுவழுன்னு சீவி, கைப்பிடி வெச்சு, கொண்டில வந்து உக்காராதுன்னு நெனைக்கிறேன்.”

கடைசியாக அந்தக் கதவைச் சாத்தியவர் டொகுஜி. ஹட்சுயேயின் கொழுந்தன், பக்கத்து வீடு. சற்று முன்புதான் அரிசி அப்பளமும் ஃபிளாஸ்க்கில் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். தட்டில் வயிறு கிழிந்து கிடந்த மீனைப் பார்த்தார். “த்சொ, பாவம்” என்றார். குனிந்து வணங்கி, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

“தேநீரும் குடுத்து தாழ்ப்பாளும் போடுற மனுசன இப்பதான் பாக்குறேன்” என்றான் குன்ஜி. நெற்றி வியர்த்திருந்தது. “மரியாதைக்குக் குறைச்சலே இல்ல.”

“இங்க வா. இந்த வயித்துல என்ன இருக்கு சொல்லு.”

“ஒண்ணுமே இல்ல முதலாளி. மாசக் கடைசில என் வயிறு மாதிரி.”

“ஹட்சுயே-சான், இந்தக் கொட்டகை மீனுக்குத் தீனி எப்பப்ப போடுவீங்க?”

“தினம் காலைலங்க. உள்ள குளிர் கம்மி. குளிர்காலம் பூரா சாப்பிடும்.”

“வெளிக் குளத்துல இருக்குற மீனுங்க?”

“அதுங்க சாப்பிடாதுங்க. பனிக்காலம் முழுக்க அடில போய்...” பாதியில் நிறுத்திவிட்டாள் ஹட்சுயே.

மிசாவோ கண்ணாடியைக் கழற்றினாள். “அப்ப மாசக்கணக்கா பட்டினி கெடந்த இந்த மீனு வெளிக் குளத்து மீனு. நெத்தில பொட்டு இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா இனாகாக்கி வாங்குனது இது இல்ல. யாரோ உங்க பொண்ணு மீன எடுத்துட்டு, வெளிக் குளத்துப் பொண்ணு மீனக் கொன்னு மெதக்க விட்டிருக்காங்க.”

“சத்தியமா எனக்கு...”

“தெரியாதுன்னு சொல்லாதீங்க. நகக்கண் அளவு குஞ்சுல இருந்து வளத்தீங்க. ஆயிரம் குஞ்சுல அது ஒண்ணத்தான் தேறும்னு பொறுக்கி வெச்சீங்க. நான் வயித்தக் கிழிச்சுத்தான் கண்டுபிடிக்கணும். நீங்க பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருப்பீங்க. தெரிஞ்சும் செத்துப்போச்சுன்னு போன் பண்ணீங்க. ஏன்?”

ஹட்சுயே தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறப்பாள் போலிருந்தது. அதற்குள் ஒரு சத்தம் நின்றது.

கொட்டகை மூலையில் ஒரு குழாய். மலை ஊற்றுத் தண்ணீர் ஆள் உயரத்திலிருந்து குளத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. வந்ததிலிருந்து அந்த இரைச்சல் குன்ஜியின் காதில் பழகிப்போயிருந்தது. இப்போது அது மெலிந்தது, விட்டு விட்டு ஒழுகியது, சொட்டியது. நின்றது.

குன்ஜி போய்க் குழாயைத் தட்டிப் பார்த்தான்.

ஹட்சுயே எழுந்துவிட்டாள். முகத்தில் ரத்தமில்லை. “அடைச்சுட்டார்” என்றாள். “மறுபடியும் அடைச்சுட்டார்.”

“எதை?”

“வால்வ. ஊத்து டொகுஜி நிலத்துல இருக்குங்க. என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் அண்ணன் தம்பிக்குள்ள இது ஒரு பேச்சாவே இல்ல. அவரு போன பெறகு, குளத்த எனக்கு எழுதிக் குடு, நீ உன் பொறந்த ஊருக்குப் போன்னு ஆரம்பிச்சார். மாட்டேன்னேன். போன பனிக்காலத்துல ஒரு நாள் தண்ணி நின்னுது. இரும்புச் சாவி போட்டுத் திருகுற வால்வு. அந்தச் சாவி எப்பவும் அவரு இடுப்புல. கால்ல விழுந்து திறக்க வெக்கிறதுக்குள்ள ஒரு தொட்டிக் குஞ்சு பூரா போச்சு.” புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “இந்தச் செத்த மீன நான் பாத்தப்ப பின்னாலயே வந்து நின்னார். ‘செத்துப்போச்சுன்னு போன் பண்ணிடுங்க அண்ணி, தண்ணி அது பாட்டுக்கு வரும்’னார். அவ்வளவுதான். பண்ணிட்டேன்.”

“ஊர்ல யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?” என்றான் குன்ஜி.

“இந்த மலைல எல்லார் குளமும் ஊத்துத் தண்ணிதாங்க. ஒருத்தன் இன்னொருத்தன் தண்ணிய அடைச்சான்னா அவன் மூஞ்சில யாரும் முழிக்க மாட்டாங்க. என் வீட்டுக்காரரோட தம்பிய எப்படிங்க அப்படி நிறுத்துறது? என் வீட்டுக்காரர் போட்டோவுக்கு தினமும் நான் சோறு வெக்கிறேன்.”

குளத்தில் ஒரு பெரிய சிவப்பு மீன் மேலே வந்தது. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, பப் பப்பென்று காற்றைக் கடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மின்சாரம் போனதும் காற்றுப் பம்பு நின்றிருந்தது. உயரத்திலிருந்து விழுந்து கலக்கிய ஊற்றுத் தண்ணீர்தான் இத்தனை நேரம் அவற்றுக்கு மூச்சாக இருந்தது.

ஹட்சுயே வாளியால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து கொட்டத் தொடங்கினாள். மொண்டாள், கொட்டினாள். குளத்தின் அளவுக்கு அது எந்த மூலை.

“குன்ஜி, மேல ஏறு. யாரையாவது கூப்பிடு.”

வடிகட்டித் தொட்டியின் மூடிமேல் ஏறி நின்றால் ஜன்னல் முகத்துக்கு நேராக வந்தது. குன்ஜி ஜன்னலைத் தள்ளித் திறந்து பார்த்தான். வெளிக்காற்றைக் கண்ணால் பார்த்ததே பாதி நிம்மதி. பனி விட்டிருந்தது. வரிசையாக மூன்று வீட்டுக் கூரைகளிலும் ஆட்கள் நின்று பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“ஊரே கூரை மேலதான் இருக்கு முதலாளி. டொகுஜியும் அவர் வீட்டு மேல நிக்கிறார், கூப்பிட்டா அவருக்குத்தான் மொதல்ல கேக்கும். அட, இந்த ஆளுக்கு என்ன கிறுக்கு?”

“என்ன?”

“எல்லாரும் பனிய அப்படியே கீழ இருக்குற அவங்கவங்க வீட்டுக் குளத்துல தள்ளுறாங்க. தொப்புன்னு விழுது, கரையுது. வேல முடிஞ்சுது. இவரு வீட்டுக்கும் நம்ம பக்கமா, கூரைக்கு நேர் கீழதான் குளம். ஆனா இவரு பனி இழுக்குற பெரிய தட்டுல அள்ளி, மூச்சு வாங்க மேல இழுத்துட்டுப் போறார். முகட்டத் தாண்டி அந்தப் பக்கம் பள்ளத்துல கொட்டுறார். உலகம் பூரா பனிய எறக்குது, இவரு ஏத்துறார்.”

மிசாவோவின் கைகள் நின்றன. “மறுபடி சொல்லு.”

“பனிய மேல ஏத்துறார் முதலாளி. நாக்கு தள்ளுது மனுசனுக்கு.”

“ஹட்சுயே-சான், அந்தக் குளத்துக்கும் ஊத்துத் தண்ணிதானே? ஒரு கூரைப் பனி மொத்தமும் அதுல விழுந்தா உள்ள இருக்குற மீனு என்ன ஆகும்?”

“குளுந்து கெடக்குற மீனுன்னா அடில போய் ஒதுங்கிக்கும்” என்றாள் ஹட்சுயே, மொள்ளுவதை நிறுத்தாமல். “இங்கேர்ந்து போன மீனுன்னா ஊத்துத் தண்ணிய எப்படியோ தாங்கும். பனி விழுந்தா செத்...”

வாளி கையிலிருந்து நழுவிக் குளத்தில் விழுந்தது.

“வித்திருப்பார்னு நெனைச்சேனே” என்றாள். “மலைய விட்டே போயிருக்கும்னு நெனைச்சேனே. இத்தன நாளா... என் சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து கல் எறிஞ்சா விழுற தூரத்துலயா?”

“வசந்தத்துல முட்டை எடுக்குறதுக்கு வெச்சிருக்கார். அந்த வம்சமே அவர் குளத்துல ஆரம்பிக்கும். இன்னிக்கு இந்த வயித்த நான் கிழிச்சத பாத்ததும் இடத்த மாத்தணும்னு தோணிருக்கும். பாதை மூடிக் கெடக்கு, எங்க கொண்டு போவார்? கூரையும் பாரம் தாங்காது. பனிய கீழ தள்ளுனா மீன் போச்சு. தள்ளலன்னா வீடு போச்சு. நம்மள உள்ள போட்டுட்டு, உங்கள மிரட்டத் தண்ணியயும் அடைச்சுட்டு, மேல ஏறிட்டார்.” மிசாவோ கோட்டைக் கழற்றத் தொடங்கினாள். “குன்ஜி, இந்த ஜன்னல்ல நீ போக மாட்ட.”

“நான் போனா ஜன்னலும் என்கூடவே வரும் முதலாளி.”

“நான் போறேன். தோளக் குடு.”

“நீங்க போகாதீங்க.” ஹட்சுயே குறுக்கே வந்து நின்றாள். “உங்ககிட்ட சாவியத் தர மாட்டார். வெளியூர்க்காரங்கன்னு சிரிச்சே அனுப்பிடுவார்.”

குளம் முழுக்க இப்போது வாய்கள். வட்ட வட்டமாகத் திறந்து மூடும் வாய்கள். அந்தச் சத்தத்தைக் குன்ஜியால் கேட்க முடியவில்லை. ஹட்சுயே ஒரு நிமிடம் அவற்றைப் பார்த்தபடி நின்றாள்.

“தோளக் குடுங்க தம்பி” என்றாள்.

ஈர பூட்ஸ் தோளில் ஏறியது. கனமே இல்லை. ஜன்னலில் தலை நுழைந்தது, இடுப்பு நுழைந்தது, கால்கள் மறைந்தன. வெளியே பனிக்குவியலில் உடம்பு சரிந்து இறங்கும் சத்தம்.

குன்ஜி ஜன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டான். “எழுந்துட்டாங்க... சுத்தி வர்றாங்க... நம்ம கதவுப் பக்கம்தான்... முதலாளி, கதவத் தாண்டிப் போறாங்க!”

“போகட்டும்.”

“நம்மளத் திறந்து விட்டுட்டுப் போனா என்னவாம்?”

“திறந்தா அந்தச் சத்தத்துல அவரு திரும்பிப் பாப்பார். பேசாம நடக்குறத சொல்லு.”

ஹட்சுயே இடுப்பளவு பனியில் துழாவி நடந்தாள். டொகுஜி முகட்டை நோக்கித் தட்டை இழுத்துக்கொண்டிருந்தார், முதுகு இந்தப் பக்கம். அவள் அவர் வீட்டுச் சுவரை அடைந்தாள். சாய்த்து வைத்திருந்த ஏணியை இரண்டு கையாலும் பிடித்தாள். தூக்கினாள். பனியில் கிடத்தினாள்.

“முதலாளி” என்றான் குன்ஜி. “ஏணிய எடுத்துட்டாங்க.”

மிசாவோ முதல் முறையாகச் சிரித்தாள்.

டொகுஜி திரும்பினார். ஏணி இருந்த இடத்தைப் பார்த்தார், கீழே நிற்பவளைப் பார்த்தார். அவர் வீடு இரண்டு மாடி. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் பள்ளம்.

“அண்ணி! என்ன வெளையாட்டு இது? ஏணிய வைங்க.”

“சாவியப் போடு.”

“என்ன சாவி?”

“உன் இடுப்புல தொங்குற சாவி. போடு.”

“மொதல்ல ஏணிய வைங்க, எறங்கி வந்து பேசிக்குவோம். நம்ம குடும்பத்துக்குள்ள...” ஹட்சுயே கையை நீட்டினாள். டொகுஜியின் குரல் ஏறியது. “அண்ணி! ஏணி! யாராவது வாங்கய்யா! ஏணிய எடுத்துட்டா! பைத்தியம் புடிச்சுப்போச்சு இவளுக்கு!”

கூப்பிட்டது ஊருக்கே கேட்டது. பக்கத்துக் கூரைகளில் இருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலில் வந்தவர் கிஹெய். எழுபது தாண்டியவர், அந்த மலையின் மீன் வளர்ப்போர் சங்கத் தலைவர்.

“என்னம்மா இது? ஆளு மேல இருக்கும்போது ஏணிய எடுக்கலாமா? குளிர்ல வெறைச்சுப்போவான்.”

ஹட்சுயே அவரைப் பார்த்தாள். கூடி நின்றவர்களைப் பார்த்தாள். குன்ஜி ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறம்மா என்று மனசுக்குள் கெஞ்சினான்.

“எனக்குத் தண்ணிய அடைச்சுட்டார்” என்றாள் ஹட்சுயே. சொன்னதையே இன்னும் உரக்கச் சொன்னாள். “என் குளத்துக்குத் தண்ணிய அடைச்சுட்டார். போன வருசமும் அடைச்சார். குஞ்செல்லாம் போனது நோயில இல்ல. இவரு அடைச்சுத்தான் போச்சு. இப்பவும் உள்ள மீனெல்லாம் மூச்சுக்கு வாயப் பொளக்குது.”

கிஹெய் மெல்லத் தலையை உயர்த்தினார். “டொகுஜி. தண்ணியவா?”

கூரையிலிருந்து ஏதோ ஒன்று பறந்து வந்து பனியில் குத்தி நின்றது. இரும்புச் சாவி.

ஹட்சுயே அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கொட்டகையில் குழாய் இருமியது, துப்பியது, பிறகு இரைச்சலோடு கொட்டத் தொடங்கியது. குன்ஜி தொட்டி மூடிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மேலே நீட்டிய வாய்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின.

யாரோ கொண்டியிலிருந்து கட்டையை உருவினார்கள். கதவு திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஹட்சுயே ஒரு பெரிய பேசினை அணைத்துக்கொண்டு நின்றாள். கிஹெய் மறுபக்கம் தாங்கியிருந்தார். உள்ளே, டொகுஜியின் குளத்திலிருந்து எடுத்த மீனின் நீண்ட வெள்ளை உடம்பு. நெற்றியில் அந்தச் சிவப்பு வட்டம். மெலிந்திருந்தது, ஆனால் செவுள் அசைந்தது.

அதை உடனே குளத்தில் விடவில்லை அவள். குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினில் ஊற்றிப் பழக்கினாள். அவசரப்படவே இல்லை. பிறகு பேசினைச் சாய்த்தாள். மீன் தானாக நீந்திப் போனது.

“மிசாவோ-சான்” என்றாள், திரும்பாமல். “இனாகாக்கிகிட்ட மீன் உயிரோட இருக்குன்னு சொல்லுங்க. செத்துப்போச்சுன்னு நான் பொய் சொன்னதயும் சொல்லிடுங்க.”

“அவரு மீன எடுத்துட்டுப் போயிடலாம். இனிமே உங்ககிட்ட வாங்காமயே போகலாம்.”

“போகட்டுங்க. பொய் சொல்லி வெச்ச மீன தினமும் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது.”

மிசாவோ தலையசைத்தாள். மூவரும் வெளியே வந்தார்கள். டொகுஜி வீட்டின் முன்னால் அதே ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் திட்டவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். ஏணி பனியில் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

குன்ஜி போய்த் தூக்கப் பார்த்தான். ஹட்சுயே அவன் கையை விலக்கினாள். தானே ஏணியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். பனியில் நன்றாக ஊன்றி, ஆட்டிப் பார்த்தாள்.

“வெச்சுட்டேன் டொகுஜி” என்றாள். “எறங்கி வா. வந்து இவங்ககிட்ட உன் வாயால சொல்லு.”

ஒதுங்கி வழிவிட்டாள்.

டொகுஜி விளிம்புவரை வந்தார். ஏணியின் மேற்படி காலடியில் இருந்தது. கீழே கிஹெய் நின்றார், அண்டை வீட்டுக்காரர்கள் நின்றார்கள், அத்தனை பேர் கண்ணும் அவர்மேல். ஒரு காலை எடுத்து ஏணியில் வைத்தார்.

மறுபடி கூரைக்கே இழுத்துக்கொண்டார்.